எந்தக் கல்லூரி? எந்தப் படிப்பு?

சித்திரை கழிந்து வைகாசி பிறந்துவிட்டால் நமது வீடுகளில் முன்பெல்லாம் ஜாதகக் கட்டுகள் பெட்டியிலிருந்து வெளியே வரும். எந்தப் பெண்ணுக்கு எந்த ஊரில் வரன், எத்தனை பொருத்தம், என்ன சீர் என்றெல்லாம் திண்ணைகளில் பேச்சு நடக்கும். இப்போதும் அதே மாதத்தில் பேச்சு நடக்கத்தான் செய்கிறது. ஆனால் வெளியே வருவது ஜாதகக் கட்டு அல்ல, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். பொருத்தம் பார்ப்பது பதினேழு வயதுக் குழந்தைக்கும் ஒரு கலாசாலைக்கும். கல்யாணப் பொருத்தத்துக்காவது ஊருக்கு ஒரு ஜோசியர் இருந்தார். தவறிப்போனால் அவரைத் திட்டலாம். கல்லூரிப் பொருத்தத்துக்கு யாரிடம் போவது?

நமது மாகாணத்தில் எஞ்சினீயரிங் படிப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் ஏற்பாட்டுக்குக் 'கவுன்சலிங்' என்று பெயர். இங்கிலீஷில் அந்த வார்த்தைக்கு யோசனை சொல்லுதல் என்று அர்த்தம். தமிழில் அதைக் 'கலந்தாய்வு' என்று இன்னும் அழகாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். கலந்து பேசி ஆராய்தல்! பெயரைக் கேட்டவுடன், ஒரு பெரியவர் எதிரே பையனை உட்கார வைத்துக்கொண்டு, "உனக்கு எதில் விருப்பம்? எது நன்றாக வரும்?" என்று விசாரிப்பதாக மனக்கண்ணில் தோன்றுகிறதல்லவா? உண்மையில் அங்கே நடப்பது இடங்களைப் பங்கீடு செய்வது. கலப்பதற்கும் ஆள் கிடையாது. ஆய்வதற்கும் அவகாசம் கிடையாது. பெயர் ஒன்றும் காரியம் வேறுமாய் இருப்பது உலகத்தில் புதிதல்ல என்றாலும், இந்தப் பெயர்க் குழப்பத்தினால் எத்தனையோ பெற்றோர்கள், "அதுதான் கவுன்சலிங் இருக்கிறதே, அங்கே சொல்லிவிடுவார்கள்" என்று நம்பிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். இதுதான் நமக்கு வருத்தம் தரும் விஷயம்.

பங்கீட்டு முறையைப்பற்றி நாம் குறை சொல்லுவதாக நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. அது வருவதற்கு முன்னால் இருந்த நிலைமையை அறிந்தவர்கள் அதற்குக் கோயில் கட்டினாலும் தகும் என்பார்கள். 1984-ம் ஆண்டு முதல் தனியார் எஞ்சினீயரிங் கல்லூரிகள் பெருகத் தொடங்கின. கல்லூரிக்குக் கல்லூரி மனுப் போட வேண்டும்; வாசல்தோறும் ஏறி இறங்க வேண்டும்; 'நன்கொடை' என்ற நாமகரணத்துடன் ஒரு தொகையும் கேட்பார்கள். அந்த நன்கொடையைத் தடுப்பதற்கென்றே 1992-ல் ஒரு சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. 1990 முதல் 1996 வரையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்த எம். அனந்தகிருஷ்ணன் அவர்களின் முயற்சியால்தான் ஒற்றைச் சாளர முறை என்பது உருவாயிற்று. மனு ஒன்று, வரிசை ஒன்று, மதிப்பெண்ணுக்கு ஏற்றபடி இடம். சிபார்சுக் கடிதத்துக்கு அதில் வேலை இல்லை. பின்னர் அவருடைய தலைமையிலேயே அமைந்த குழுவின் யோசனைப்படி நுழைவுத் தேர்வும் எடுக்கப்பட்டு, 2007-ம் ஆண்டிலிருந்து பள்ளி மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று.

அந்த நாளில் கிண்டியில் நடந்த கலந்தாய்வு ஒரு திருவிழாவை ஒத்திருக்கும். 1794-ல் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பழைய கலாசாலையின் மரநிழல்களில், கன்னியாகுமரியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் இரவு பஸ்ஸில் வந்த குடும்பங்கள் புளிச்சோற்று மூட்டையுடன் உட்கார்ந்திருக்கும். மண்டபத்துக்குள்ளே பெரிய திரைகளில் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்தில் எத்தனை இடம் மிச்சம் என்று எண்கள் குறைந்துகொண்டே வரும். உள்ளே அழைத்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சில நிமிஷங்களில் முடிவு சொல்லியாக வேண்டும். வாழ்நாள் முழுவதற்குமான முடிவு! ஆனாலும் ஒரு சௌகரியம் இருந்தது. வெளியே வரிசையில் நிற்கும்போது பக்கத்துக் குடும்பத்தோடு நாலு வார்த்தை பேசலாம். "அந்தக் கல்லூரியா? எங்கள் அண்ணன் மகன் அங்கேதான் படித்தான், வேண்டாம் ஐயா!" என்று யாராவது சொல்லுவார்கள். அதுவே பாதி யோசனை.

2018-ல் இந்தத் திருவிழா முடிந்தது. எல்லாம் இணையத்தின் மூலம் என்றாகிவிட்டது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இதை நடத்தி வருகிறது. பிரயாணச் செலவு மிச்சம், வெயில் இல்லை, இடிபாடு இல்லை. ஆனால் மரநிழலில் கிடைத்த அந்த ஓசி யோசனையும் போய்விட்டது. பையனும் கைப்பேசியும் தனியாய் இருக்கிறார்கள்.

கணக்கு என்னவோ சுலபந்தான். கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200-க்கு இத்தனை என்று கணக்கிட்டால் 'கட்-ஆப்' வந்துவிடும். இருவருக்குச் சமமாக வந்தால் கணித மதிப்பெண், பிறகு பௌதிக மதிப்பெண் என்று பார்த்துக்கொண்டே போய், மற்றவையும் சமமாகிப் பிறந்த தேதியும் ஒன்றாயிருந்தால், கடைசியில் யந்திரம் முன்கூட்டியே கொடுத்து வைத்த ஒரு சம்வாய்ப்பு எண் தீர்ப்புச் சொல்லுகிறது. தரவரிசை வெளியானதும் மாணவர்களைச் சில சுற்றுகளாகப் பிரித்து அழைக்கிறார்கள். தம் சுற்று வந்தபோது சுமார் மூன்று நாட்களுக்குள் கல்லூரிகளையும் பாடங்களையும் விருப்ப வரிசையில் அடுக்கி அனுப்ப வேண்டும். நானூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகள். ஒவ்வொன்றிலும் பல பாடங்கள். ஆயிரக்கணக்கான சேர்க்கைகளில் எதை முதலில் எழுதுவது, எதை நாற்பதாவதாக எழுதுவது?

படித்த குடும்பத்துக் குழந்தைக்கு இது ஒரு தொல்லையே தவிர ஆபத்து அல்ல. சித்தப்பா எஞ்சினீயர்; அத்தை கல்லூரிப் பேராசிரியை; மாமா பெங்களூரில் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் கூடி வடை சாப்பிட்டுக்கொண்டே பட்டியலைத் தயார் செய்துவிடுவார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் குழந்தைக்குத்தான் ஒரு வழிகாட்டி தேவை. இந்தத் தேவையை உணர்ந்து அமெரிக்காவில் பிராங்க் பார்ஸன்ஸ் என்பவர் 1908-லேயே பாஸ்டன் நகரில் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார். தன்னைப்பற்றிய அறிவு, தொழில்களைப்பற்றிய அறிவு, இரண்டையும் பொருத்திப் பார்க்கும் விவேகம் என்ற மூன்றும் வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் இன்று இதற்கென்றே ஆலோசகர்கள் உண்டு. 250 மாணவருக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய சங்கத்தின் கோரிக்கை.

இங்கே அந்த வேலையை யார் செய்கிறார்கள்? நாம் தேடிப் போனபோது, ஒரு ஜில்லாத் தலைநகரின் சர்க்கார் பாலிடெக்னிக்கில், காற்றாடி சுழலாத ஓர் அறையில் அகப்பட்டார்கள். பொறியியல் சேர்க்கைக்கான சேவை மையம் என்று வாசலில் பலகை. இத்தகைய மையங்கள் மாகாணமெங்கும் சர்க்கார் கல்லூரிகளில் கோடைதோறும் இயங்குகின்றன. சான்றிதழ் சரிபார்ப்பதும், இணைய வசதி இல்லாதவர்களுக்கு மனுவைப் பூர்த்தி செய்து கொடுப்பதுந்தான் அவற்றின் கடமை. யோசனை சொல்லுவது கடமைப் பட்டியலில் முக்கியமாய் இல்லை. ஆனாலும் எதிரே ஒரு குழந்தை வந்து விழிக்கும்போது எந்த உபாத்தியாயரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்?

அன்றைக்கு அங்கே இருந்தவர் ஒரு விரிவுரையாளர் அம்மையார். வந்தவர்கள் ஒரு விசைத்தறித் தொழிலாளியும் அவருடைய மகளும். ஆறாம் வகுப்பிலிருந்து சர்க்கார் பள்ளியிலேயே படித்த பெண். கணிதத்தில் 91, பௌதிகத்தில் 84, ரசாயனத்தில் 86. ஆகக் கட்-ஆப் 176. அந்தப் பெண் ஒரு காகிதத்தில் நாலே நாலு கல்லூரிகளை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நாலும் ஒரே வட்டாரம். நாலிலும் கம்ப்யூட்டர் படிப்பு.

"இதையெல்லாம் யாரம்மா எழுதிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டார் அம்மையார்.

"எங்க பக்கத்து வீதியில ஒருத்தருங்க மேடம். அவருதான் இதெல்லாம் பாத்துக் குடுக்கறவரு" என்றார் தகப்பனார்.

"உனக்கு என்ன படிக்க ஆசை, கண்ணு?"

பெண் தகப்பனாரைப் பார்த்தாள். பிறகு, "கரண்டுப் படிப்புங்க மேடம். எங்க தறி மோட்டார் நின்னு போனா நாந்தான் பாப்பனுங்க" என்றாள்.

"எலெக்ட்ரிகல் என்று சொல்லு. பின்னே அதை ஏன் எழுதவில்லை?"

"கம்ப்யூட்டர் படிச்சாத்தான் வேலைன்னு சொன்னாருங்க" என்று தகப்பனாரே பதில் சொன்னார்.

அம்மையார் அந்தக் காகிதத்தைக் கிழிக்கவில்லை, திட்டவும் இல்லை. வேறு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணுக்குச் சென்ற வருஷம் எந்தெந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் கிடைத்தது என்று கம்ப்யூட்டரில் பார்த்துக் குறிக்கலானார். முதல் இடத்தில் ஒரு பேர்பெற்ற சர்க்கார் கல்லூரியின் எலெக்ட்ரிகல் பாடத்தை எழுதியதும் பெண்ணுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"அது எனக்குக் கெடைக்காதுங்களே மேடம். மொதல்ல அதைப் போட்டா, அப்புறம் கெடைக்கறதும் போயிராதுங்களா?"

நேயர்களே, இந்தக் கேள்விதான் விஷயத்தின் உயிர்நிலை. நன்றாய்ப் படித்த பெற்றோர்களும் இதே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அம்மையார் சொன்ன பதிலை நாம் அப்படியே இங்கே தருகிறோம்:

"உன் முறை வந்தவுடன் யந்திரம் உன் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். முதலாவது காலியாயிருந்தால் கொடுத்துவிடும். இல்லாவிட்டால் இரண்டாவதைப் பார்க்கும். இல்லாவிட்டால் மூன்றாவது. 'இவள் பெரிய இடத்துக்கு ஆசைப்பட்டாளே' என்று அதற்குக் கோபம் வராது. உனக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு, நீ வேண்டியது அத்தனையும் பார்த்து முடிந்த பிறகுதான் கை நீளும். ஆகையால் பிடித்ததை மேலே எழுது. அதைவிடக் கொஞ்சம் குறைவாய்ப் பிடித்ததை அதற்குக் கீழே எழுது. கிடைக்குமா கிடைக்காதா என்ற யோசனை உனக்கு வேண்டாம். அது யந்திரத்தின் வேலை. ஆனால் ஒன்று: நீ எழுதாததை அது ஒரு நாளும் கொடுக்காது. நாலு எழுதினால் நாலும் போய்விட்டால், கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பாய்."

அரைமணி நேரத்தில் நாலு என்பது ஐம்பத்திரண்டாயிற்று. கம்ப்யூட்டர் படிப்பும் பட்டியலில் இருந்தது. எலெக்ட்ரிகலுக்குக் கீழே இருந்தது. ஒவ்வொரு கல்லூரிக்கும் உள்ள குறியீட்டெண்ணை இரண்டு தடவை சரிபார்க்கச் செய்தார் அம்மையார். ஏறக்குறைய ஒரே பெயருள்ள கல்லூரிகள் நமது மாகாணத்தில் ஏராளம். சாமி பெயரையும் தாயார் பெயரையும் வைத்து ஆரம்பிக்கும்போது இந்த விபரீதத்தை யாரும் யோசிக்கவில்லை போலும்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான சங்கதி வெளிப்பட்டது. "மாற்றுச் சான்றிதழ் அசல் எங்கே?" என்று அம்மையார் கேட்டார். தகப்பனார் தலையைச் சொறிந்தார். அசல் சான்றிதழும் ஐயாயிரம் ரூபாய் முன்பணமும் அந்தப் பக்கத்து வீதிக்காரரிடம் இருந்தன. "எடம் போயிரும்னாருங்க, அதுக்காவக் குடுத்தனுங்க" என்றார்.

இந்தத் தரகர்களைப்பற்றி நாம் கொஞ்சம் விரிவாகவே எழுதித் தீரவேண்டும். தனியார் கல்லூரிகளின் இடங்களில் சிறுபான்மையல்லாத கல்லூரிகள் 65 சதவிகிதத்தையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவிகிதத்தையும் சர்க்கார் பங்கீட்டுக்குக் கொடுக்க வேண்டும். மீதியை நிர்வாகமே நிரப்பிக்கொள்ளலாம். பெயர் பெற்ற கல்லூரிகளுக்கு அதை நிரப்பத் தரகர் வேண்டியதில்லை. நிரம்பாத கல்லூரிகளே ஊருக்கு ஊர் ஆள் வைத்து, ஆளுக்கு இத்தனை என்று கூலி பேசிப் பிள்ளைகளைப் பிடிக்கின்றன. பிடித்த பிள்ளை நழுவாமலிருக்க அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுவது அவர்கள் கையாளும் தந்திரம். ஆனால் எந்தக் கல்லூரியும் மாணவரின் அசல் சான்றிதழை நிறுத்தி வைக்கக் கூடாது என்பது அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் விதி. வகுப்புத் தொடங்குவதற்கு முன்னால் குறித்த தேதிக்குள் விலகிக்கொள்ளும் மாணவருக்கு, 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்தம் செய்யாமல் கட்டணத்தைத் திருப்பித் தரவும் வேண்டும். கல்லூரிக்கே இல்லாத உரிமை தரகருக்கு எங்கிருந்து வரும்? இந்த இரண்டு விதிகளையும் நமது நாட்டுப் பெற்றோர்கள் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுவது நல்லது.

மேற்படி தகப்பனார் அன்று மாலையே போய்ச் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். பணம் வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வேறொரு பாத்தியதையும் இருந்தது. அதையும் தரகர் சொல்லவில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரையில் சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித இடங்கள் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வைத்தியப் படிப்புக்கு 2020-லும், எஞ்சினீயரிங் முதலியவற்றுக்கு 2021-லும் இந்த ஏற்பாடு வந்தது. அதன்கீழ் இடம் பெறுவோருக்குப் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்றுக்கொள்ளுகிறது. மற்றக் குடும்பங்களிலும், முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கு 2010 முதல் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் அதற்கான சான்றிதழை வருவாய்த் துறையிடம் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். கலந்தாய்வு நெருங்கிய பிறகு தாலுகா ஆபீஸுக்கு ஓடுகிறவர்கள் படும் பாட்டை நாம் வர்ணிக்க வேண்டியதில்லை. சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இவற்றையெல்லாம் தைமாதப் பொங்கலுக்குள்ளேயே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள் என்று பள்ளி உபாத்தியாயர் ஒருவர் வகுப்பில் சொல்லிவிட்டாரானால், அவர் ஒரு மணி நேரச் சொற்பொழிவைவிடப் பெரிய உபகாரம் செய்தவராவார்.

இடம் கிடைத்தது என்று தெரிந்த பிறகும் ஒரு கண்டம் பாக்கியிருக்கிறது. 2022 முதல் உள்ள முறைப்படி, தற்காலிகமாக ஒதுக்கப்பட்ட இடத்தை ஏற்றுச் சேரலாம். ஏற்றுக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். மறுத்துவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருக்கலாம். அடுத்த சுற்றுக்குப் போகலாம். அல்லது ஒரேயடியாய் விலகலாம். இதை இரண்டு நாட்களுக்குள் உறுதி செய்ய வேண்டும். 'அதுதான் வந்துவிட்டதே' என்று கைப்பேசியை மூடி வைத்துவிட்டுக் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போய், திரும்பி வருவதற்குள் இடத்தை இழந்த குடும்பங்களும் உண்டு. 'ஏற்றுக் காத்திருத்தல்' என்பதில் மற்றொரு நுட்பம்: மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும், பிறகு பழையதுதான் தேவலை என்று அழுது பயனில்லை. பட்டியலில் மேலே எழுதியது உண்மையாகவே அதிகம் பிடித்ததாய் இருக்க வேண்டும் என்று அந்த அம்மையார் வற்புறுத்தியதன் காரணம் இங்கேதான் விளங்கும்.

பாடத்தைப்பற்றி ஒரு வார்த்தை. இப்போது எல்லோருக்கும் கம்ப்யூட்டர் பைத்தியம். மெக்கானிகல், சிவில் பாடங்களை மூடிவிட்டுக் கம்ப்யூட்டர் இடங்களைப் பெருக்கும் கல்லூரிகள் பல. அகில இந்தியக் கவுன்சிலும் 2024-25-ம் ஆண்டிலிருந்து, தகுதியுள்ள கல்லூரிகளுக்கு இடங்களின் உச்சவரம்பைத் தளர்த்திவிட்டது. கம்ப்யூட்டர் படிப்பு கெட்டது என்று நாம் சொல்லவில்லை. போதிய ஆசிரியரில்லாத கல்லூரியில் படிக்கும் கம்ப்யூட்டரைவிட, நல்ல பரிசோதனைச்சாலையுள்ள கல்லூரியில் படிக்கும் எலெக்ட்ரிகல் மேல் என்பது நமது திடமான அபிப்பிராயம். எது நல்ல கல்லூரி என்று அறியத் தரகரைக் கேட்கவேண்டாம். வாசலில் உள்ள பளிங்குத் தூணைப் பார்த்தும் மயங்கவேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் தன்னைச் சேர்ந்த கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் கல்லூரிக்கே போய், சாப்பாட்டு இடைவேளையில் மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பிடித்து விசாரித்தால் போதும்.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' என்ற திட்டம் தொடங்கி, அதன் அங்கமாகக் 'கல்லூரிக் கனவு' என்ற பெயரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஜில்லாதோறும் வழிகாட்டும் கூட்டங்கள் நடந்திருக்கின்றன. எஞ்சினீயரிங், வைத்தியம் இரண்டைத் தவிர உலகத்தில் வேறு படிப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் நமது குழந்தைகளுக்கு, சட்டமும் விவசாயமும் மீன்வளமும் மொழியியலும் இருக்கின்றன என்று அங்கே யாராவது சொல்லுகிறார்கள். கல்லூரியில் சேராமல் விடுபட்டவர்களைப் பெயர் பெயராகத் தேடிப்பிடிக்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் இன்னும் மேலான காரியம். ஆனால் ஆயிரம் பேர் உட்காரும் மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லும் யோசனை ஒரு மாதிரி. மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாய் உட்கார்ந்து சொல்லும் யோசனை வேறு மாதிரி. தறி மோட்டாரைப்பற்றி அந்தப் பெண் மண்டபத்தில் எழுந்து நின்று சொல்லியிருப்பாளா?

ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் ஒரு ஆசிரியருக்காவது மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் வேறு வேலை கொடுக்காமல், இந்த ஒரு வேலைக்கென்று ஒழித்துவிட்டால் என்ன? அவருக்குப் பிள்ளைகளை ஆறு வருஷமாகத் தெரியும். யார் கணக்கில் கெட்டி, யார் வீட்டில் விடுதிக்கு அனுப்பமாட்டார்கள், யாருக்குத் தகப்பனார் இல்லை என்பதெல்லாம் தெரியும். கோடைக்காலத்துக்கு ஒரு சிறு படியும், மேஜையின் மேல் ஒரு கம்ப்யூட்டரும் கொடுத்தால் போதும். சில ஊர்களில் ஆசிரியர்கள் யாரும் சொல்லாமலே இதைத் தம் கைப்பேசியில், தம் செலவில் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நாம் அந்த பாலிடெக்னிக் அறையை விட்டுக் கிளம்பியபோது மணி நாலே முக்கால். பட்டியலை இறுதி செய்ய மறுநாள் மாலை வரையில் தவணை இருந்தது. ஆனாலும் வெளியே தாழ்வாரத்தில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். அவர்களில் ஒரு பையன் மட்டும் தனியாக வந்திருந்தான். அவன் கையிலும் நாலு கல்லூரிப் பெயர்கள் எழுதிய ஒரு காகிதம் இருந்தது.